‘புகை பிடிக்கிறீர்களா?’ என்னும் கேள்வி போதாது

நோயுற்று வந்தவரைச் சோதிப்பது வைத்தியம். நோயின் குறி எதுவும் இல்லாதவரைத் தேடிச் சென்று அழைத்துச் சோதிப்பது வேறொரு காரியம். இதனை இக்கட்டுரையில் முன்சோதனை என்று குறிப்போம். முன்னதில், உதவி கேட்பவர் நோயாளி. பின்னதில், ‘வாரும்’ என்று அழைப்பவர் நாம். ஆகையால் அதனால் விளையும் நன்மைக்கு மட்டுமின்றித் தீமைக்கும் நாமே பொறுப்பாளிகள். புகை பிடிப்போருக்கும், பிடித்து விட்டொழித்தோருக்கும் நுரையீரல் புற்றுநோய் முன்சோதனை நடத்தவேண்டும் என்னும் கருத்து இப்போது பரவி வருகிறது. அதை எடைபோடுமுன் இவ்வேற்றுமையை மனத்தில் இருத்துதல் அவசியம்.

இதை எழுதுபவன் வைத்தியனல்லன்; ஆங்கில அறிக்கைகளைத் தமிழில் பெயர்க்கும் அரசாங்க ஊழியன். ஆயினும் சொற்களோடு நாள்தோறும் போராடுபவனுக்குச் சில குறைகள் முதலில் கண்ணில் படுவதுண்டு. அவற்றுள் ஒன்றைக் கள ஊழியர்கள் முன்னும் ஆசிரியர்கள் முன்னும் வைக்க விரும்புகிறேன்.

முதலில் விஞ்ஞானம் நிலைநாட்டியுள்ளதைக் கூறுவோம். எக்ஸ்ரே படத்தால் இந்நோயை முன்கூட்டிப் பிடித்து உயிர்காக்கலாம் என்று முன்பு பலர் நம்பினர். அந்நம்பிக்கை பொய்த்தது. ஆண்டுதோறும் எக்ஸ்ரே எடுப்பதால் நுரையீரல் புற்றுநோய் மரணம் குறையவில்லை என்பது 2011-இல் வெளியான பெரியதோர் அமெரிக்க ஆய்வினால் உறுதியாயிற்று. ஆனால் அதே ஆண்டில் வேறோர் அமெரிக்க ஆய்வு நல்ல செய்தி கொணர்ந்தது. 55 முதல் 74 வயது வரையுள்ள, மிகுதியாகப் புகைத்த 53,000-க்கு மேற்பட்டோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் குறைந்த கதிர்வீச்சுடைய சி.டி. ஸ்கேனும் மறு பிரிவினருக்கு எக்ஸ்ரேயும் ஆண்டுக்கொரு முறையாக மூன்று முறை எடுத்தனர். ஸ்கேன் எடுத்த பிரிவில் நுரையீரல் புற்றுநோய் மரணம் நூற்றுக்கு 20 பங்கு குறைந்தது. ஹாலந்திலும் பெல்ஜியத்திலும் நடந்த ஆய்வு, 2020-இல், ஆண்களிடையே 24 பங்கு குறைவு கண்டது.

இது சிறிய வெற்றியன்று. எனினும் அதன் மறுபக்கமும் உண்டு. அமெரிக்க ஆய்வில் ஒரு மரணத்தைத் தவிர்க்க ஏறக்குறைய 320 பேரைச் சோதிக்க வேண்டியிருந்தது. ஸ்கேன் எடுத்தவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கு ஒரு முறையேனும் ஐயத்துக்குரிய குறி தென்பட்டது. அவ்வாறு ஐயம் எழுப்பிய படங்களில் நூற்றுக்கு 96 முடிவில் புற்றுநோயைக் காட்டியவை அல்ல. அச்சமும், செலவும், மறு ஸ்கேனும், சிலருக்கு மார்பில் ஊசி செலுத்தித் தசையெடுக்கும் சோதனையும் இவர்களுக்கு நேர்ந்தன.

நம் நாட்டிலோ இத்தொல்லை இன்னும் மிகும் என எண்ண இடமுண்டு. உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவில் உள்ளனர். ஆறிய காசநோய் நுரையீரலில் வடுக்களையும் சிறு முடிச்சுகளையும் விட்டுச் செல்கிறது. ஸ்கேன் அவற்றையும் காட்டும். ஆனால் அவை எவை என்று பெயர் சொல்லாது. எனவே அமெரிக்க விதியை அப்படியே பெயர்த்து இங்கு நடத்துவது, நிலத்தின் தன்மை பாராமல் விதை தூவுவதை ஒக்கும்.

அவ்விதிதான் யாது? 2021-இல் அமெரிக்க நோய்த்தடுப்புக் குழு திருத்தியமைத்தபடி, 50 முதல் 80 வயதுக்குட்பட்டு, 20 ‘பெட்டி-ஆண்டு’ புகைத்தவர். இன்றும் புகைப்பவர், அல்லது விட்டு 15 ஆண்டுக்கு உட்பட்டவர். நாளொன்றுக்கு 20 சிகரெட் கொண்ட ஒரு பெட்டி வீதம் ஓராண்டு புகைத்தால் அது ஒரு பெட்டி-ஆண்டு. இச்சொல்லைத் தமிழாக்கும்போதுதான் என் பேனா நின்றது. நம் நாட்டில் சிகரெட்டைவிடப் பீடியே அதிகம். 2016-17-இல் நடந்த தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி வயது வந்தோரில் நூற்றுக்கு 7.7 பேர் பீடியும் 4 பேர் சிகரெட்டும் பிடித்தனர். பெட்டிக் கணக்கில் பீடியை எங்கே சேர்ப்பது?

என் பெரியப்பாவை எடுத்துக்கொள்கிறேன். அவர் 22-ஆம் வயதில் தொடங்கி 58-ஆம் வயதில் விடும்வரை, 36 ஆண்டுகள், நாளுக்கு 25 கொண்ட ஒரு பீடிக் கட்டைத் தவறாமல் தீர்த்தவர். ஒரு பீடியை ஒரு சிகரெட்டாக எண்ணினால் அவர் கணக்கு 45 பெட்டி-ஆண்டு. ஒரு பீடியிலுள்ள புகையிலை சிகரெட்டிலுள்ளதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கே என்று எடைபோட்டால் அதே மனிதரின் கணக்கு 11 தான். முதற் கணக்கில் அவர் விதிக்கு உட்படுகிறார், இரண்டாவதில் தள்ளப்படுகிறார். ஆனால் எடைக் கணக்கு நியாயமானதன்று. பீடி அணையாதிருக்க அடிக்கடி இழுக்கவேண்டும். அதனால் புகையிலை குறைவாயிருந்தும் தாரும் நிகோடினும் சிகரெட்டைவிடக் குறையாமல், பெரும்பாலும் கூடுதலாகவே, உட்செல்கின்றன. நுரையீரல் தராசுத் தட்டன்று.

பெரியப்பா புகைப்பதை விட்டு ஒன்பது ஆண்டுகள் கழித்து இருமல் கண்டது. அவர் சென்ற மருத்துவமனையில், ‘புகை பிடிக்கிறீர்களா?’ என்று கேட்டார்கள். ‘இல்லை’ என்றார். அவர் பொய்யுரைத்தாரல்லர், கேள்வி நிகழ்காலத்தில் இருந்தது, விடையும் நிகழ்காலத்திலேயே அமைந்தது. சீட்டில் ‘புகைப்பழக்கம் இல்லை’ என்று எழுதினார்கள். சளியில் கிருமி காணாதிருந்தும் காசநோய் என்று கருதி ஆறு மாதம் மருந்து கொடுத்தார்கள். குரல் கம்மிய பிறகே வேறு ஐயம் எழுந்தது. அதற்குள் அறுவை சிகிச்சைக்குரிய காலம் கடந்துவிட்டது. ஆறு மாதம் முந்தியிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் உறுதி கூறமாட்டேன். ஆனால் அந்த ஆறு மாதம் அவருக்கு உரியது. ஒரு வினைச்சொல்லின் காலத்தால் அது பறிபோயிற்று.

ஆகவே என் கருத்து இது. முன்சோதனைக்கு ஸ்கேன் இயந்திரம் வருமுன் சரியான கேள்வி வரவேண்டும். நம் நாட்டில் 2016-இல் வகுக்கப்பட்ட வழிகாட்டு நெறிகள் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கே முன்சோதனை வகுத்தன. நுரையீரல் அதில் இடம்பெறவில்லை. எனினும் ஆஷா ஊழியர்கள் வீடுதோறும் நிரப்பும் படிவத்தில் புகையிலை பற்றிய கேள்வி உண்டு. அதில் ‘முன்பு பயன்படுத்தியவர்’ என்பவரும் ‘எப்போதாவது பயன்படுத்துபவர்’ என்பவரும் ஒரே கட்டத்தில் அடங்குவர். 36 ஆண்டு கட்டுக்கட்டாய்ப் புகைத்து விட்டவரும் திருவிழாவுக்கு ஒன்று பிடிப்பவரும் ஒரே மதிப்பெண் பெறுவது பொருந்துமா?

ஓரத்தில் நான்கு குறிப்புகளைச் சேர்த்தெழுத அதிக நேரம் ஆகாது: என்ன புகைத்தார், நாளுக்கு எத்தனை, எத்தனை ஆண்டு, எப்போது விட்டார். பீடியைப் பீடியாகவே எழுதுக. சிகரெட்டாக மாற்ற வேண்டா. நாளைக்கு இந்தியாவுக்கென்று ஒரு விதி வகுக்கப்படும்போது, அதை வகுப்போருக்கு இக்குறிப்புகளே அடிப்படையாகும்.

‘மேல்நாட்டார் பெறும் ஸ்கேனை நம் ஏழைகளுக்கு மறுக்கலாமா?’ என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. நான் மறுக்கச் சொல்லவில்லை. பின்தொடர்ந்து பார்க்க வைத்தியரும், முடிவு கண்டபின் அறுவை செய்ய வசதியும் உள்ள இடங்களில், நம் மக்களிடையே, பீடியையும் காசநோய் வடுவையும் கணக்கில் கொண்டு ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்பதே என் வாதம். வயதும் புகைக்கணக்கும் பாராது யாவருக்கும் ஸ்கேன் எடுப்பது முன்சோதனையாகாது. அது வெறும் படமெடுத்தலே.

கள ஊழியருக்கு மற்றொரு கடமையும் உண்டு. குறி தோன்றியவருக்கு உரியது முன்சோதனையன்று, தாமதமற்ற சோதனை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் காசநோய்ச் சோதனைக்கு அனுப்புகிறோம், அது சரியே. கிருமி காணவில்லை, மருந்தாலும் இருமல் தணியவில்லை, சளியில் இரத்தம், குரல் கம்மல், உடல் மெலிவு ஆகியவற்றில் ஒன்றேனும் உண்டு, அவர் புகைத்தவர் என்றால், மறுபடியும் அதே மருந்துக்கு அனுப்பாமல் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புக.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். ஸ்கேன் இருக்கிறதே என்று புகைப்பதைத் தொடர்பவன், தீயணைப்பு வண்டியை நம்பிக் கூரையில் கொள்ளி வைப்பவன். பிரிட்டிஷ் வைத்தியர்களை ஐம்பதாண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு, 60 வயதில் விட்டவர் கூட ஏறக்குறைய மூன்றாண்டும், 30 வயதில் விட்டவர் பத்தாண்டும் ஆயுள் பெறுகின்றனர் என்று 2004-இல் அறிவித்தது. இதை மாணவன் வீட்டில் சென்று தகப்பனுக்குச் சொல்வானாக. விட விரும்புவோர் 1800-11-2356 என்னும் தேசிய எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம் என்பதையும் கரும்பலகையில் எழுதி வைக்கலாம்.

இனி எவரையேனும் சந்திக்கும்போது, ‘புகை பிடிக்கிறீர்களா?’ என்பதோடு நிறுத்தற்க. ‘எப்போதாவது பிடித்ததுண்டா?’ என்றும் கேட்டு, விடை வரும் வரையில் காத்திருந்து, அதை எழுதிக்கொள்க.