வீட்டில் இருப்பது படம் மட்டுமா?



சேர்வராயன் மலையில், காப்பித் தோட்டங்களை அடுத்த ஒரு சிற்றாலயத்தில் சில ஆண்டுகள் ஞாயிறு மறைக்கல்வி கற்பிக்கும் பேறு எனக்குக் கிடைத்தது. திருப்பலி முடிந்ததும் பிள்ளைகள் பாய் விரித்து அமர்வார்கள். ஒரு ஞாயிறன்று, கடவுள் எங்கே இருக்கிறார் என்று ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியைக் கேட்டேன். பாடத்தில் உள்ள விடையை எழுத்துப் பிசகாமல் ஒப்புவித்தாள். நான் மகிழ்ந்துபோய், "அப்படியானால் உன் வீட்டிலும் இருக்கிறாரா?" என்றேன். சற்று யோசித்தாள். "எங்க வீட்டுல படம் இருக்கு, சிஸ்டர்" என்றாள்.

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் குழந்தை தான் கண்டதைச் சொன்னாள். கடவுள் எங்கும் நிறைந்தவர் என்பது வகுப்பில் சொல்ல வேண்டிய விடை. வீட்டிலோ அவள் கண்டது சுவரில் தொங்கும் திரு இருதயப் படம் ஒன்றுதான்.

அவள் தாயைச் சந்தித்தபோது இதைப் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். அந்த அம்மாள் தலைகுனிந்தபடி, "நாங்க எழுத்தறியாத சனங்க, சிஸ்டர். இருட்டோட போயி இருட்டோட வர்றோம். நீங்க சொல்லிக் குடுத்தாத்தான் உண்டு" என்றார். மலைத் தோட்டங்களில் மட்டுமன்று, சேலம் நகரில் பட்டம் பெற்று அலுவலகம் செல்லும் பெற்றோரிடமும் இதே சொல்லைச் சற்று நாகரிகமான வடிவில் கேட்டிருக்கிறேன். 1894-இல் தொடங்கிய திரு இருதயக் கன்னியர் மடப் பள்ளியும், 1917-இல் தொடங்கிய மான்போர்ட் பள்ளியும் ஏற்காட்டில் இருக்கின்றன. நல்ல பள்ளிகள் அருகில் இருப்பதாலேயே விசுவாசத்தையும் அவற்றின் பொறுப்பில் விட்டுவிடும் மனப்பான்மை நம்மிடையே வளர்ந்துவிட்டது.

திருச்சபை வேறு விதமாகக் கருதுகிறது. 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் குடும்பத்தை வீட்டுத் திருச்சபை என்றழைத்து, பிள்ளைகளுக்கு விசுவாசத்தை முதன்முதலில் அறிவிப்போர் பெற்றோரே என்று மொழிந்தது. 1979-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், குடும்பத்தில் அளிக்கப்படும் மறைக்கல்வி மற்றெல்லா மறைக்கல்விக்கும் முந்தியது என்று எழுதினார். எழுதப் படிக்கத் தெரிந்த பெற்றோர் மட்டும் என்று அவர்கள் யாரும் வரம்பு கட்டவில்லை.

படிப்பில்லையே என்று வருந்தும் தாய்மாருக்கு நான் நினைவூட்ட விரும்புவது புனித சவேரியாரை. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களைக் கூட்டி, விசுவாசப் பிரமாணத்தையும் செபங்களையும் தமிழாக்கச் செய்து, அவற்றைத் தாமே மனப்பாடம் செய்தார். பின்பு கையில் மணியை ஏந்தி, ஊரெங்கும் அடித்துக்கொண்டு சென்று பிள்ளைகளைக் கூட்டினார். 1544 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய மடலில் இதை விவரிக்கும் அவர், தாங்கள் கற்றதைத் தாய் தந்தையர்க்கும் வீட்டாருக்கும் அயலாருக்கும் கற்பிக்குமாறு சிறுவர்களை ஏவியதையும் குறிப்பிடுகிறார். அச்சிட்ட புத்தகம் ஒன்றுகூட அப்போது இல்லை. தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் வெளிவந்தது 1578-இல்தான். ஆகவே அந்தக் கடற்கரைக் குடிசைகளில் மாலை வேளையில் ஆசிரியராக இருந்தது பிள்ளை; மாணவராக இருந்தது தாய்!

மனப்பாடம் பயனற்றது என்று இக்காலத்தில் சிலர் பேசுவதை நான் ஏற்பதில்லை. வாய் அறிந்த செபம் துன்ப வேளையில் தானே எழும். ஆனால் ஒப்புவித்ததோடு நின்றால், வீட்டில் படம் மட்டுமே இருக்கும்.

கடற்கரையில் நடந்தது மலையில் நடவாதா என்று எண்ணி, அந்தத் தாயிடம் ஒரே ஒரு காரியம் கேட்டுக்கொண்டேன். ஞாயிறு மாலை அடுப்பின் முன் அமர்ந்து, "இன்னைக்கு என்ன படிச்ச? எனக்குச் சொல்லிக் குடு கண்ணு" என்று மகளைக் கேட்க வேண்டும், தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அவர் அதைச் செய்தார். அதற்கு மேலும் செய்தார். அதைத்தான் இம்மாதம் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

1820-களில் சேலம் ஆட்சித் தலைவராயிருந்த காக்பர்ன் துரை சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்பர். இங்கே பெரிதும் பயிராவது அராபிக்கா வகை. தைக்குப் பின் வரும் வறண்ட நாட்களில் அதன் மொட்டுகள் கணுக்கள்தோறும் இறுகி, உறங்குவதுபோல் காத்திருக்கும். மாசி, பங்குனியில் ஒரு நல்ல மழை பெய்தால் போதும். எட்டுப் பத்து நாட்களில் தோட்டம் முழுவதும் ஒருசேர வெண்மையாகப் பூத்துவிடும். மல்லிகையை ஒத்த மணம். சில நாட்களில் பூ உதிர்ந்துவிடும். பிறகு பிஞ்சு, காய், பழம். ஏறக்குறைய எட்டு ஒன்பது மாதங்கள் சென்று கார்த்திகை, மார்கழியில் பழம் சிவக்கும்.

மார்ச் 25-ஆம் நாள் மங்கள வார்த்தைத் திருநாள். கபிரியேல் தூதர் கன்னி மரியாளிடம் வந்த நிகழ்ச்சியை அதை ஒட்டிய ஞாயிறன்று வகுப்பில் சொல்லியிருந்தேன். அதிலிருந்து ஒன்பது மாதங்கள் கழித்து டிசம்பர் 25 வருகிறது என்பதைப் பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் விரலெண்ணிக் காட்டினேன். அச்சிறுமி அன்று மாலை தூதர் வந்த கதையைத் தாய்க்குக் கற்பித்திருக்கிறாள். தாய் மறுநாள் அவளைக் கைபிடித்துச் சென்று, பூத்த செடியருகே நிறுத்தி, "இந்தப் பூ பழமாகி நாங்க எடுக்கப் போற நேரத்துலதான் கிறிஸ்துமஸ் வரும். செடிக்குள்ள வளர்ற மாதிரி மாதா வயித்துல இயேசுசாமி வளர்வார்" என்று சொன்னாராம். இத்தனை ஆண்டுகள் காப்பிச் செடிகளின் நடுவே நடந்தும் எனக்குத் தோன்றாத உவமை! காப்பி எத்தனை மாதத்தில் பழுக்கும் என்பது எனக்கு ஏட்டறிவு. அவருக்கு அது வயிற்றுப்பாடு.

சமவெளியில் வாழ்வோர் நெல்லையோ, மாவையோ, தறியையோ கொண்டு இதைச் செய்யலாம். எப்படி என்பது உங்களுக்கே நன்கு தெரியும்.

பழம் எடுக்கும் காலமே திருவருகைக் காலமாக இருப்பது மலைவாழ் குடும்பங்களுக்கு ஒரு சோதனையும்கூட. குளிரில் நனைந்து, கூடை சுமந்து வந்த தாய் தந்தையர் ஐம்பத்துமூன்று மணிச் செபமாலையைத் தொடங்குவார்கள். மூன்றாம் காரணிக்கத்தில் பிள்ளை தூங்கிவிழும். தகப்பனார் ஓங்கித் தலையில் குட்டுவார். இந்தக் குட்டு எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. செபம் என்றதும் வலியை நினைவுகூரும் பிள்ளை, வளர்ந்தபின் எதை விட்டு முதலில் ஓடும்? சிறு பிள்ளைகளோடு பத்து மணிகள் சொல்லுங்கள். எஞ்சியதை அவர்கள் உறங்கியபின் நீங்கள் சொல்லலாம். மூத்த வாசகர் சிலர் இதற்கு மாறுபடக்கூடும். நான் மாற்றிக்கொள்வதாக இல்லை.

இன்னொரு வகுப்பறையும் உண்டு. அது பழத்தை எடை போடும் இடம். தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளை எல்லாவற்றையும் பார்க்கிறது. எடை கூடுவதற்காக இலையையும் பச்சைக் காயையும் சாக்கின் அடியில் மறைத்தால், ஏழாம் கட்டளையை நான் எத்தனை ஞாயிறு கற்பித்தும் பயனில்லை. அதே இடத்தில் தராசை ஒரு கிலோ குறைத்துச் சொல்லும் முதலாளியும், அவர் பிள்ளையும் நமது ஆலயத்தில் முன்வரிசையில் அமர்பவர்களாக இருக்கலாம் என்பதையும் சொல்லாமல் விடுவது நியாயமன்று.

அவ்வாண்டு மழை பிந்திப் பெய்தது. காப்பியும் பிந்தியே பழுத்தது. கிறிஸ்து பிறப்புக்கு முந்திய ஞாயிறன்று அச்சிறுமி குடிலில் வைப்பதற்காக ஒரு காப்பிக் கிளை கொண்டுவந்தாள். அதில் பாதிக்கு மேல் பச்சைக் காய்கள். "பழுக்கல சிஸ்டர், சாமி இன்னும் நாளாகி வருவாரா?" என்று கவலையோடு கேட்டாள். நான் விடை தேடுவதற்குள், பின்னால் நின்ற தாய், "வந்துடுவார்டீ. பச்சையா இருந்தாலும் வை" என்றார். கிளையை மாட்டின் பக்கத்தில் வைத்தோம்.

அடுத்த இதழில், முதல் நற்கருணைக்குப் பிள்ளைகளை வீட்டில் ஆயத்தம் செய்வது பற்றி எழுதுவேன்.