கொடுங்கையூர் நீரும் உளூவின் சட்டமும்

சென்ற வாரம் இராயபுரத்தில் ஜும்ஆ முடிந்து வெளியே வருகையில், மணலி ஆலையொன்றில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் என்னை நிறுத்தி, "ஹஜ்ரத், எங்கள் ஆலைக்குக் குழாயில் வருவது சாக்கடையைச் சுத்திகரித்த நீர். அது பட்டால் உடை நஜீஸாகுமா? அதில் உளூச் செய்யலாமா?" என்று வினவினார்.

வாசகர்களே! இது அவர் ஒருவருடைய ஐயமன்று. கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் நீரைத் தரும் திறனுள்ள நிலையம் 2019ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. நம் வீடுகளின் கழிவுநீரே அங்கு வடிகட்டப்பெற்று, ஆர்.ஓ. முறையில் உப்பும் நீக்கப்பெற்று, வடசென்னை ஆலைகளுக்குச் செல்கிறது. அதே ஆண்டின் கோடையில் புழல் ஏரி வறண்டு, குடங்களோடு மக்கள் தெருவில் நின்றதை எவர் மறப்பார்? ஆலைகள் இந்நீரைக் கொள்ளுமளவு ஏரிநீர் மக்களுக்கு மிஞ்சும்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். அசுத்தம் கலந்து நிறமோ, சுவையோ, வாடையோ மாறிய நீர் நஜீஸ் என்பதில் இமாம்களிடையே கருத்து வேற்றுமை இல்லை. அம்மாற்றம் அகன்றுவிட்டால்? அதனை ஆராய்ந்த சவூதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் சபை, 1978இல் தெளிவான தீர்ப்பளித்தது: மூன்று தன்மைகளிலும் அசுத்தத்தின் சுவடு அறவே நீங்குமாறு சுத்திகரிக்கப்பெற்ற நீர் தூய்மையானது, அதனால் உளூவும் குளிப்பும் நிறைவேறும். 1989இல் மக்காவில் கூடிய ஃபிக்ஹு சபையும் அவ்வழியே முடிவு செய்தது.

எனினும், 1978ஆம் ஆண்டுத் தீர்ப்பில் ஒரு பகுதியைப் பலர் எடுத்துரைப்பதில்லை. வேறு நீர் கிடைக்கும்போது இதனைப் பருகாதிருப்பதே நன்று. உடல்நலத்துக்கும் அதுவே பேணுதல். மனித இயல்பும் அதனை அருவருக்கிறது என அச்சபை கூறிற்று. தூய்மை வேறு, பாதுகாப்பு வேறு. வாடையும் நிறமும் அற்ற நீரில் கிருமியோ இரசாயனமோ இருக்கக்கூடும். ஆலைகள் நிறைந்த நம் பகுதியில் இவ்வச்சம் வீணன்று. அதனைக் கண்டறிவது ஃபிக்ஹு நூலன்று, ஆய்வுக்கூடம். சிங்கப்பூரில் 2003 முதல் இத்தகைய நீரைப் பெரும்பாலும் ஆலைகளுக்கே தந்து, ஒரு சிறு பகுதியை நீர்த்தேக்கங்களில் கலந்து, மீண்டும் சுத்திகரித்தே குடிக்கத் தருகின்றனர்.

தோட்டத்துக்கும், தரை கழுவவும், கழிப்பறைக்கும் இந்நீர் தாராளமாக ஆகும். ஆனால் குழாய் தனியாக இருத்தல் வேண்டும். அக்குழாயருகே அறிவிப்பும் வேண்டும். சிறுவர்க்கு ஃபத்வா தெரியாது!

"உடை நஜீஸாகாது, நிறமும் வாடையும் மாறாதிருப்பின் உளூவும் கூடும், அந்தக் குழாயில் குடிக்க மட்டும் வேண்டாம்" என்றேன்.

இளைஞர் சிரித்தார். "குடிப்பதற்கு எங்கள் தெருவில் லாரிதான், ஹஜ்ரத். அது எப்போது வருமென்றுதான் தெரிவதில்லை."