மோஷன் டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடலாமா?



பள்ளிக்கூடம் திறந்தாயிற்று, மழையும் பிடித்துக்கொண்டது. ஜூன் மாதத்துக்கே உரிய கடிதங்களும் வரத் தொடங்கிவிட்டன. அல்சூரிலிருந்தும் ஸ்ரீராமபுரத்திலிருந்தும் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்தும் வரும் கேள்வி ஒன்றேதான்: “குழந்தைக்கு வயிற்றால் போகிறது, மோஷன் டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடலாமா?” பெங்களூரில் தெருவுக்கு ஒரு லேப் இருக்கிறது. போன் செய்தால் வீட்டுக்கே வந்து சாம்பிள் வாங்கிப் போகிறார்கள். கேட்கத் தோன்றுவது நியாயம்தான்.

நேற்றோ முந்தாநாளோ ஆரம்பித்த, ரத்தம் கலக்காத, தண்ணீராகப் போகும் பேதிக்குப் பெரும்பாலும் டெஸ்ட் வேண்டியதில்லை. சின்னக் குழந்தைகளுக்கு வருவதில் பெரும்பங்கு வைரஸின் வேலை. எந்த வைரஸ் என்று ரிப்போர்ட்டில் வந்தாலும் கொடுக்கப்போவது அதே ஓ.ஆர்.எஸ். கரைசலும் ஜிங்க் மருந்தும்தான். ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. பெரியவர்கள் பேதியை நிறுத்தப் போட்டுக்கொள்ளும் மாத்திரையை உடைத்துக் குழந்தைக்குக் கொடுப்பதோ ஆபத்தான காரியம். ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் குழந்தையின் உடம்பில் தண்ணீர் வற்றிவிடக் கூடாது. கவலைப்பட வேண்டியது அதற்குத்தான்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பிசகு நடப்பது அங்கேதான். பெரிய பொட்டலம் 20.5 கிராம், ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஒரு லிட்டர் அளந்து எடுத்து, பொட்டலத்தை மிச்சம் வைக்காமல் கொட்டிக் கலக்க வேண்டும். நம் வீடுகளில் தம்ளருக்கு ஒரு ஸ்பூன் என்று கண்ணளவில் போட்டுவிட்டு மீதியை மடித்து ரப்பர் பேண்ட் சுற்றி வைத்துவிடுகிறோம். குடலின் சுவரில் சோடியத்தையும் குளுக்கோஸையும் ஜோடியாக மட்டுமே உள்ளே விடும் வாசல் ஒன்று உண்டு, பேதியின்போதும் அது திறந்தே இருக்கும். இரண்டும் சரியான அளவில் போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். சர்க்கரை மிஞ்சினால் உடம்பிலிருக்கும் தண்ணீரும் குடலுக்குள் இறங்கி, பேதி கூடிவிடும். அதனால்தான் பாட்டில் ஜூஸும் குளிர்பானமும் ஆகாது.

இரண்டு வயதுக்குள் இருந்தால் ஒவ்வொரு தடவை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு, மறுபடி ஸ்பூன் ஸ்பூனாக. கைக்குழந்தைக்குப் பாலாடையில் புகட்டலாம். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. சாப்பிடும் வயதென்றால் இட்லியும் தயிர் சாதமும் தாராளமாகக் கொடுக்கலாம். மிஞ்சிய கரைசலை 24 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்காதீர்கள். ஜிங்க், ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு நாளைக்கு 20 மில்லிகிராம், 14 நாள். பேதி மூன்றாம் நாளே நின்றுவிட்டாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும்.

இந்தக் கரைசலின் பெருமை தெரிந்தது 1971-இல், வங்காள எல்லையில் பன்கான் அகதி முகாமில். காலரா பரவி, ஏற்றுவதற்கு சலைன் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் தண்ணீரில் கலந்து நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்துப் புகட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர்வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் சாவு 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. அவர் இறந்த பிறகு, 2023-இல் பத்ம விபூஷண் கொடுத்தார்கள்.

அந்த நல்ல பெயரைச் சர்க்கரை பானக்காரர்கள் டெட்ரா பேக்கில் ஒட்டி விற்ற கதையும் நடந்தது. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் வருஷக்கணக்கில் மல்லுக்கட்டிய பிறகு, உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டுக்கொள்ளக் கூடாதென்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. மெடிக்கல் ஷாப்பில் டப்பாவை நீட்டினால் வாங்காதீர்கள். பொடிப் பொட்டலமாகக் கேளுங்கள்.

நம் ஆட்களிடம் இன்னொரு வழக்கம் உண்டு. குழந்தை துவண்டால் ‘உச்சி விழுந்துவிட்டது’ என்று தொக்கம் எடுக்கத் தூக்கிக்கொண்டு போவார்கள். பாட்டியின் கண் பொய் சொல்லவில்லை. கைக்குழந்தையின் உச்சிக்குழி உள்வாங்கினால் அது தண்ணீர் வற்றியதன் அடையாளமேதான். போக வேண்டிய இடம் மட்டும் வாணி விலாஸ், இந்திரா காந்தி குழந்தைகள் மருத்துவமனை, அல்லது கிட்டத்தில் இருக்கும் ஏதாவது நல்ல ஆஸ்பத்திரி. கண் குழிந்திருந்தாலும், அழும்போது கண்ணீர் வராவிட்டாலும், ஆறு மணி நேரமாக ஒன்றுக்குப் போகாவிட்டாலும் அப்படியே கிளம்புங்கள்.

டெஸ்ட் அவசியமான சமயங்களும் இருக்கின்றன. ரத்தமும் சளியுமாகப் போனால், பதினான்கு நாள் தாண்டியும் நிற்காவிட்டால், எடை இறங்கினால் பார்த்தே ஆக வேண்டும். ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணி எல்லா நாளும் மலத்தில் வெளிப்படாது. அதனால்தான் வெவ்வேறு நாளில் மூன்று சாம்பிள் கேட்கிறார்கள். சிறுநீர் கலக்காமல், சுத்தமான டப்பாவில், எடுத்த கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள். ரிப்போர்ட்டில் ‘அமீபா சிஸ்ட்’ என்று இருந்தால் பதறவும் வேண்டாம். நோய் உண்டாக்கும் அமீபாவும், அதைப் போலவே இருக்கும் பரம சாதுவான இன்னொன்றும் மைக்ராஸ்கோப்பில் ஒரே மாதிரிதான் தெரியும். குழந்தையைப் பார்த்துத்தான் டாக்டர் முடிவு செய்வார்.

மலப் பரிசோதனையில் நம்மூருக்கென்று ஒரு பெருமை இருப்பது பலருக்குத் தெரியாது. இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் துர்கா ராவின் குழுவினர், எந்தத் தொந்தரவும் இல்லாத பச்சிளம் குழந்தைகளின் மலத்தைச் சோதித்தார்கள். நோயே இல்லாத குழந்தையிடம் என்ன தேடுகிறார்கள் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருப்பார்கள். அதில் ரோட்டா வைரஸ் இருந்தது, அதுவும் மாட்டின் வைரஸை ஒத்த ஒரு ரகம். ஐ321 என்று பெயர் வைத்தார்கள். நோய் தராமல் உடம்பில் தங்கும் வைரஸ் என்றால் தடுப்பு மருந்துக்கு நல்ல வித்து. டெல்லி எய்ம்ஸில் டாக்டர் எம்.கே. பான் குழு அதே போலக் கண்டெடுத்த 116இ-யையும் இதையும் குழந்தைகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டதில் டெல்லிக்காரர் ஜெயித்தார், அதில் எதிர்ப்புச் சக்தி கூடுதலாக வந்தது. அதுதான் 2015-இல் ரோட்டாவாக் ஆக வெளிவந்தது. ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகச் சொட்டுவிடும் ரோட்டா மருந்துகளில் அதுவும் ஒன்று. நம் ஐ321-ன் ரகத்தைச் சேர்ந்த வைரஸ் சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி வேலூரில் பச்சிளம் குழந்தைகளுக்குப் பேதியை உண்டாக்கியது வேறு விஷயம்! வைரஸுக்கும் ஊருக்கொரு குணம் போலிருக்கிறது.

பூச்சி விஷயத்தில் அரசாங்கமே டெஸ்ட் வேண்டாம் என்கிறது. குழந்தை ‘ஜந்துஹுளு’ என்று கன்னடத்தில் சுற்றறிக்கை கொண்டுவந்தால் அது குடற்புழு நீக்க நாளுக்கானது. 2015 பிப்ரவரியில் தொடங்கிய திட்டம். ஒன்றிலிருந்து இரண்டு வயதுவரை அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரையில் பாதி, பத்தொன்பது வயதுவரை முழு மாத்திரை. சின்னக் குழந்தைகளுக்குப் பொடித்துத் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும், பெரிய பிள்ளைகள் மென்று தின்ன வேண்டும். ஒவ்வொருவரையும் சோதிக்க ஆகும் செலவு மாத்திரையின் விலையைப் போலப் பல மடங்கு என்பதால் எல்லோருக்கும் கொடுத்துவிடுகிறார்கள். காய்ச்சலோ வேறு நோவோ இருந்தால் அன்றைக்கு வேண்டாம், குணமான பிறகு கொடுக்கலாம். “எங்கள் வீட்டில் எல்லாம் சுத்தம்” என்று மாத்திரையைத் திருப்பி அனுப்பும் அபார்ட்மெண்ட் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: பச்சைக் கொத்தமல்லி எல்லோர் வீட்டுக்கும் ஒரே மண்ணிலிருந்துதான் வருகிறது.

இனிப்பு தின்றால் பூச்சி வரும் என்பதற்கு ஆதாரமில்லை. ராத்திரியில் ஆசனவாயில் அரிப்பு என்று குழந்தை எழுந்து உட்கார்ந்தால் கீரிப்பூச்சியாக இருக்கலாம். பெண் புழு இரவில் வெளியே வந்து அங்கே முட்டையிடும், மலப் பரிசோதனையில் பெரும்பாலும் சிக்காது. விடிந்ததும், கால் கழுவுவதற்கு முன்னால், செலோடேப்பை அந்த இடத்தில் ஒட்டி எடுத்துக் கண்ணாடி ஸ்லைடில் ஒட்டிக் கொடுத்தால் லேபில் முட்டை தெரியும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள், படுக்கை விரிப்பை வெந்நீரில் துவையுங்கள். மருந்தை டாக்டர் சொல்லும் அளவில் வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் சாப்பிட்டு, இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை சாப்பிட வேண்டும். அப்பாக்கள் “எனக்கெதுக்கு?” என்பார்கள். அவர்களையும் விடாதீர்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டு.

அன்புடன்,
ஆசிரியர்