கொட்டகைச் சாவி யார் கையில்?

2025 அக்டோபர் 16 அன்று, வேப்பூர் அருகே கழுதூரில் மக்காச்சோள வயலில் வேலை செய்துகொண்டிருந்த நான்கு பெண்கள் மின்னல் தாக்கி இறந்தார்கள். முதலமைச்சர் நிவாரணம் அறிவித்தார். இரண்டு நாள் செய்தி வந்தது. நான்காம் நாள் தீபாவளி.

மின்னலுக்கு நிலக்காரர், கூலிக்காரர் தெரியாது. ஆனால் இடி இடிக்கும் நேரத்தில் வயல் நடுவே குனிந்து நிற்பவர்கள் யார் என்பது நமக்குத் தெரியும். நம் கடலூர் மாவட்டத்தில் பத்துப் பேரில் ஏறக்குறைய மூன்று பேர் பட்டியல் சாதியினர் என்கிறது 2011 கணக்கெடுப்பு. நடவுக்கும் களைக்கும் வண்டி ஏறுகிறவர்களை எண்ணிப் பாருங்கள், கணக்கு வேறாக இருக்கும்.

'இடி கேட்டால் மரத்தடியில் நிற்காதீர்கள், கட்டடத்துக்குள் போங்கள்' என்று ஒவ்வொரு மழைக்காலத்திலும் அரசு சொல்கிறது. சரிதான். நம் வயல்காட்டில் கண்ணுக்கெட்டிய தூரம் இருக்கும் ஒரே கட்டடம் தளம் போட்ட மோட்டார் கொட்டகை. அது பூட்டிக் கிடக்கும். சாவி ஊருக்குள், நிலக்காரர் வீட்டு ஆணியில் தொங்கும். கேட்டால், 'வயரை அறுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்' என்பார்கள். வயர் திருட்டு நடப்பது உண்மைதான். ஆனால் காலனிப் பெண்கள் உள்ளே வந்து உட்கார்ந்தால் முகம் சுளிக்கிறவர்களும் இருக்கிறார்கள். குடிக்கத் தண்ணீரை இன்னமும் கையில் ஊற்றுகிற வரப்புகளை நாம் பார்த்திருக்கிறோம்.

இன்னொரு பூட்டு கூலி. மதியம் இரண்டு மணிக்கு மேகம் கறுத்தால் கரையேற யாரும் துணிவதில்லை. ஏறினால் அரைநாள் கூலி பிடிப்பார்கள். 'இந்த முனையை முடித்துவிடலாம்' என்று நிற்பது அறியாமையால் அல்ல, அந்தப் பணத்துக்காகத்தான். ஆகவே ஆள் பேசும்போதே இரண்டையும் பேசிவிட வேண்டும்: வேலை நாளில் சாவி ஆள் கூட்டிவரும் அக்காவிடம் இருக்க வேண்டும், இடிக்கு ஒதுங்கிய நேரத்துக்குக் கூலி பிடிக்கக் கூடாது. கொட்டகைக்குள் போனால் மோட்டார், ஸ்டார்ட்டர் பெட்டி, குழாய் எதையும் தொடாமல், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் இருக்க வேண்டும்.

கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. 'தாமினி' என்ற செயலி அருகில் மின்னல் விழுவதைக் காட்டும். அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். அதில் செயலி ஓடாது. உங்கள் போனில் எச்சரிக்கை வந்ததும் கூப்பிட்டுச் சொல்லுங்கள். வரப்பில் சோற்றுத் தூக்கோடு கிடக்கும் போனை இடுப்பில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பாம்புக்கடிக்கும் இதே முன்னேற்பாடு வேண்டும். கயிறு கட்டுவது, கீறுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். 108 வண்டி எந்தப் பாதைவரை வரும், அதுவரை யாருடைய பைக் என்பதைக் காலையிலேயே முடிவு செய்துகொள்ளலாம். காலனிக்குத் தார்ச்சாலை இல்லாத ஊர்களில் வண்டி எங்கே நிற்கும் என்று நமக்குத் தெரியும்.

முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் நிலமில்லாத விவசாயக் கூலிகளும் சேரலாம். பலரிடம் அந்த அட்டை இல்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். அடுத்த கிராம சபையில், வயல்காட்டில் எல்லோரும் ஒதுங்கப் பூட்டில்லாத பொதுக்கட்டடம் ஒன்று வேண்டும் என்று தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு ஒருமுறை சத்தமாக வாசிக்கவும் சொல்லுங்கள்.