ஐந்தறிவு என்று யாரைச் சொல்கிறீர்கள்?

லைட்ஹவுஸ் குப்பத்துக் கரையில் பங்குனி ஆமை ஒன்று செத்து ஒதுங்கியிருந்தது. கண் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்தது. பழவேற்காட்டைச் சுற்றிப் பார்க்க வந்த ஒரு குடும்பம் அதைச் சூழ்ந்து நின்றது. “ஏம்ப்பா செத்துப்போச்சு?” என்று கேட்டாள் சிறுமி. “அதுக்கு அஞ்சறிவுதானேம்மா. வலைன்னு தெரியாம போய் மாட்டிக்கும். நமக்குத்தான் ஆறறிவு” என்றார் அப்பா. அந்தப் பதிலைக் கேட்டு வந்த கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

பள்ளி ஆண்டு விழா, பட்டிமன்றம், கோயில் சொற்பொழிவு என எங்கே போனாலும் இதே பேச்சுதான். மனிதன் உயர்ந்தவன், மற்றவை வயிற்றுக்காக வாழும் ஐந்தறிவு ஜீவன்கள். சொல்கிறவர்களில் ஒருவராவது அந்த ஆமையைப் பற்றி விசாரித்ததுண்டா?

கைப்பிடிக்குள் அடங்கும் குஞ்சாகக் கடலில் இறங்குகிறது அது. தாய் கூட வருவதில்லை, வழி சொல்ல யாருமில்லை. வளர்ந்து முட்டையிடும் பருவம் வந்ததும், பல ஆண்டு கழித்து, தான் பிறந்த கரைப்பக்கமே திரும்புகிறது. பூமியின் காந்தப்புலத்தை உணர்ந்து கடலாமைகள் திசை பிடிக்கின்றன என்பதை அமெரிக்க உயிரியலாளர் கென்னத் லோமன் பெருந்தலை ஆமைக் குஞ்சுகளை வைத்துச் சோதித்துக் காட்டினார். நமக்குக் கலங்கரை விளக்கம் வேண்டும், திசைகாட்டி வேண்டும், இப்போது ஜிபிஎஸ்ஸும் வேண்டும். விளக்கே இல்லாமல் வந்து சேரும் ஆமையைப் பார்த்து, விளக்கடியில் நின்றுகொண்டு அறிவு குறைந்தது என்கிறோம்.

இரவில் கரையேறி, பின்துடுப்புகளால் குழி தோண்டி, சுமார் நூறு முட்டை இட்டு, மணலை மூடி மறைத்துவிட்டுப் போகிறது. குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது. இந்த ஏற்பாட்டோடு கடலாமைகள் பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்து வந்திருக்கின்றன. மனிதன் தோன்றி மூன்று லட்சம் ஆண்டுதான் ஆகிறது. அதற்குள் மணலையும் சூடாக்கிவிட்டோம்.

அது வலையில் மாட்டுவது அறிவில்லாததாலா? மூச்சு விட நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டிய உயிர் அது. விசைப்படகின் இழுவலை மணிக்கணக்கில் கடலடியை வாரிக்கொண்டு போகும்போது உள்ளே சிக்கினால் மேலே வர வழியில்லை. எந்த உயிரையும் அப்படி அமுக்கிப் பிடித்தால் சாகும். ஆறறிவு படைத்தவரை அதே வலை மடிக்குள் போட்டால் சில நிமிடம் தாங்குவாரா? 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. உயர் நீதிமன்றமும் பசுமைத் தீர்ப்பாயமும் தாமாகவே விசாரணைக்கு எடுக்கும் அளவுக்கு விவகாரம் போனது.

தப்பிக்க வழிவிடும் கருவி இல்லையா என்றால், இருக்கிறது. வலைக்குள் ஒரு கம்பிச் சட்டம், அதற்கு மேல் ஒரு திறப்பு. இறால் உள்ளே போகும், ஆமை வெளியே போகும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனமே நம் கடலுக்கு ஏற்றபடி செய்து கொடுத்திருக்கிறது. மாட்டத்தான் ஆளில்லை. 2019-இல் அமெரிக்கா நம் கடல் இறாலை வாங்க மறுத்த பிறகுதான் இந்தப் பேச்சுக்கே வேகம் வந்தது. உயிர் போனபோது விழிக்காத ஆறாவது அறிவு டாலர் போனதும் விழித்தது.

தொல்காப்பியரை இழுப்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். மரபியலில் உயிர்களை அறிவின்படி வகுத்து, நண்டுக்கும் தும்பிக்கும் நான்கறிவு என்றார் அவர். உற்றுப் பார்த்து வகைப்படுத்திய மனிதர். மற்றதைக் கொல்லும் உரிமையை அவர் யாருக்கும் எழுதித் தரவில்லை.

நம் அறிவின் லட்சணத்துக்கு எண்ணூர் வரை போனால் போதும். 2017-இல் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, செவ்வாய்க்குக் கலம் அனுப்பிய நாடு வாளியால் அள்ளிக்கொண்டிருந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மறுபடியும் எண்ணெய். அதே எண்ணூர், அதே மீனவர்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பும் நாளில் பழவேற்காட்டு மக்கள் கடலுக்குப் போகக் கூடாது. அன்றைய அடுப்பு எரிவது யார் பொறுப்பு? இது போதாதென்று காட்டுப்பள்ளித் துறைமுகத்தைச் சுமார் 6,000 ஏக்கருக்கு விரிக்கத் திட்டம் போட்டார்கள். அதனால் கரை அரித்தால் குப்பமும் போகும், ஆமை முட்டையிடும் மணலும் போகும்.

அறிவை இங்கேயே பார்க்க வேண்டுமானால் பழவேற்காடு ஏரியின் பாடு முறையைப் பாருங்கள். யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடுவது என்று முறை வைத்து, எல்லோருக்கும் பங்கு கிடைக்கும்படி தலைமுறைகளாகத் தொழில் செய்கிறார்கள் மீனவர்கள். எடுப்பதற்கு எல்லை வைக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். அவர்களை யாரும் மேடையேற்றி ஆறறிவு பற்றிப் பேசச் சொல்வதில்லை.

ஆமை எல்லைக்குள்தான் வாழ்கிறது. அது எந்த முகத்துவாரத்தையும் அடைக்கவில்லை, எந்த ஏரியிலும் சாம்பலைக் கொட்டவில்லை. சொறி எனப்படும் ஜெல்லிமீனைத் தின்கிறது, சொறி பெருகினால் வலை முழுக்க அதுதான் ஏறும் என்பது படகில் போகிற எவருக்கும் தெரியும்.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14-இல் முடிகிறது. ஆமை கரையேறுவதோ ஜனவரி முதலே. ஜனவரி முதல் தடைக்காலம் தொடங்கும் வரை விசைப்படகுகள் ஐந்து கடல் மைல் எல்லைக்குள் நுழையாமல் தடுக்க வேண்டும். கருவி மாட்டாத மடியோடு ஒரு படகும் துறைமுகத்தை விட்டுக் கிளம்பக் கூடாது. குஞ்சுகள் திசை மாறாதிருக்க, கரையோர விடுதிகள் இரவில் விளக்கை அணைக்க வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய அறிவு தேவையில்லை. அடுத்த ஜனவரிக்குள் செய்து முடியுங்கள்.