ஆங்கிலப் பிழைக்குத் தமிழ் மருந்து

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், வேதியியல்

உயிரோடிருக்கும் தந்தையை ஒரே ஒரு சொல்லால் கொன்றுவிட முடியுமா? முடியும் என்றால் நண்பர்கள் நகைப்பீர்கள். ஆனால் அந்தக் கொலையைச் செய்தவன் நானேதான். பயன்படுத்திய கருவி ‘வாஸ்’ என்னும் சின்னஞ்சிறிய ஆங்கிலச் சொல்!

சென்ற ஆண்டு ஓர் அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். குடும்ப நிலையை விளக்கி ஆங்கிலத்தில் ஒரு கடிதமும் இணைக்க வேண்டும் என்பது அவர்களுடைய விதி. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் கல்லூரி வாசலை மிதித்தவர் எவரும் இல்லை. யாரிடம் கேட்பது? முன்பு இங்கே படித்த அண்ணன் ஒருவர் எழுதிய கடிதத்தை இரவல் வாங்கினேன். பெயரை மாற்றினேன்; ஊரை மாற்றினேன்; மதிப்பெண்ணை மாற்றினேன். மற்றவற்றை முத்து முத்தாகப் படியெடுத்தேன். ‘மை ஃபாதர் வாஸ் ஆன் அக்ரிகல்ச்சுரல் லேபரர்’ என்ற வரியும் அப்படியே வந்து அமர்ந்துகொண்டது.

பெற்றோருடன் நேரில் வரச் சொன்னார்கள். அப்பாவுடன் சென்றேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் கடிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“அப்பாவோட இறப்புச் சான்றிதழ் எங்க தம்பி?”

அப்பா என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, “நான்தாங்க அவங்கப்பா” என்றார்.

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. கடிதத்தைத் திருத்தி எழுதிக்கொண்டு மறுபடியும் வரச் சொன்னார்கள். அப்பாவுக்கு இன்னொரு நாள் கூலி போயிற்று. பேருந்துக் கட்டணமும் போயிற்று. பின்னர்தான் தெரிந்தது, கடிதத்தை இரவல் தந்த அண்ணனுக்குத் தந்தை இல்லை என்று. அவருக்கு ‘வாஸ்’ சரி. எனக்கு ‘இஸ்’தான் சரி.

இதில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. நான் எழுதிய வாக்கியத்தில் இலக்கணப் புத்தகம் காட்டும் பிழை எதுவும் இல்லை. எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது, இரண்டும் பொருந்தியும் இருக்கின்றன. கைப்பேசியில் பிழை திருத்தும் மென்பொருள்கள் இன்று வந்திருக்கின்றன. அவற்றுள் ஒன்றிடம் கொடுத்திருந்தாலும் அந்த வரிக்கு அடிக்கோடு விழுந்திருக்காது. என் தந்தை உயிரோடிருப்பது மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? அன்றுதான் இலக்கணம் மதிப்பெண்ணுக்காக உருப்போடும் விதிப்பட்டியல் அன்று என்று உணர்ந்தேன். சொல்ல நினைத்ததைத்தான் சொல்லியிருக்கிறோமா என்று அளந்து பார்க்கும் அளவுகோல் அது.

தமிழில் எண்ணுவது குற்றமா?

“நீங்கள் தமிழில் எண்ணி ஆங்கிலத்தில் எழுதுகிறீர்கள், அதனால்தான் இத்தனை பிழை” என்று நம்மிடம் சொல்லுவோர் பலர். என் கருத்து இதற்கு நேர்மாறானது. நாம் தமிழில் அரைகுறையாக எண்ணுகிறோம். அதனால்தான் பிழை வருகிறது. முழுமையாக எண்ணினால் பாதிப் பிழைகள் தாமாகவே மறையும்.

சான்று காட்டுகிறேன். நம்மில் பலர் ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்’ என்று எழுதுகிறோம். தமிழில் ‘என் நண்பனில் ஒருவன்’ என்று எவரேனும் சொல்வதுண்டா? ‘என் நண்பர்களில் ஒருவன் வந்தான்’ என்கிறோம். நண்பர்கள் பன்மை, ஒருவன் ஒருமை, வந்தான் என்பதும் ஒருமை. ஆங்கிலமும் இதையேதான் கேட்கிறது. ‘ஃப்ரெண்ட்ஸ்’ என்று பன்மை வரவேண்டும். வினை ஒருமையாக வரவேண்டும். அவ்வளவே.

‘சின்ஸ் டூ இயர்ஸ்’ என்பது அடுத்த பிழை. ‘இரண்டு ஆண்டுகளாக’ என்பதும், ‘ஜூலை முதல்’ என்பதும் தமிழில் வேறு வேறு. ‘ஆக’ என்பது காலத்தின் நீளத்தைக் காட்டுகிறது; ‘முதல்’ என்பது தொடங்கிய புள்ளியைக் காட்டுகிறது. ‘ஆக’ வரும் இடத்தில் ‘ஃபார்’. ‘முதல்’ வரும் இடத்தில் ‘சின்ஸ்’. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். தமிழில் ‘இரண்டு ஆண்டுகளாகப் படிக்கிறேன்’ என்று நிகழ்காலம் போதும். ஆங்கிலத்திலோ ‘ஹேவ் பீன் ஸ்டடியிங்’ என்று எழுத வேண்டும்.

‘ஏ’, ‘ஆன்’ என்னும் இரட்டையரைக் கண்டு அஞ்சாத மாணவர் இல்லை. நாம் ஏன் அஞ்ச வேண்டும்? உயிரெழுத்துக்கு முன் ‘ஓர்’, உயிர்மெய்க்கு முன் ‘ஒரு’ என்று பள்ளியிலேயே படித்தவர்கள் அல்லவா நாம்? ஓர் ஊர், ஒரு நகரம். ஆங்கிலத்திலும் கணக்கு ஒலியைப் பொறுத்ததே. ஆங்கிலச் சொல்லை ஒலிக்கிறபடி தமிழில் எழுதிப் பாருங்கள். ‘யுனிவர்சிட்டி’ உயிர்மெய்யில் தொடங்குகிறது. ஆகவே ‘ஏ யுனிவர்சிட்டி’. ‘எம்.எல்.ஏ.’ உயிரில் தொடங்குகிறது. ஆகவே ‘ஆன் எம்.எல்.ஏ.’ ஆங்கில எழுத்தைப் பார்த்தவர் இரண்டிலும் தவறுவார். தமிழில் எழுதிப் பார்த்தவர் தவறமாட்டார்.

வேற்றுமை உருபும் இப்படியே கைகொடுக்கும். ‘டிஸ்கஸ் அபவுட்’ என்றும் ‘ரீச்டு டு சென்னை’ என்றும் எழுதுகிறோம். ‘டிஸ்கஸ்’ என்பதற்கு ‘விவாதி’ என்றும், ‘ரீச்’ என்பதற்கு ‘அடை’ என்றும் பொருள் கொள்ளுங்கள். ‘திட்டத்தை விவாதித்தோம்’, ‘சென்னையை அடைந்தேன்’. இரண்டும் ‘ஐ’ உருபு ஏற்பவை. ‘ஐ’ வந்தால் ஆங்கிலத்தில் நடுவே இன்னொரு சொல் எதற்கு? ‘ஆல்தோ’ என்று தொடங்கிவிட்டு ‘பட்’ போடுவதும் இதைப் போன்றதே. ‘மழை பெய்தாலும் ஆனால் வந்தேன்’ என்று தமிழில் சொன்னால் சின்னப் பிள்ளையும் சிரிக்கும்.

நம் ஆய்வகப் பதிவேடுகளில் மலிந்து கிடக்கும் பிழை இன்னொன்று. ‘ஹீட்டிங் தி டெஸ்ட் டியூப், தி கலர் சேஞ்ச்டு’ என்று நானே எழுதியிருக்கிறேன். அதைத் தமிழாக்கினால், ‘சோதனைக் குழாயைச் சூடாக்கி, நிறம் மாறியது’ என்றாகிறது. சூடாக்கியவர் யார்? நிறமா? ‘செய்து’ என்னும் வினையெச்சமும் அது கொண்டு முடியும் வினையும் ஒரே எழுவாய்க்கு உரியனவாக இருக்க வேண்டும் என்ற பொதுவிதியைத் தொல்காப்பியமே வகுத்திருக்கிறது. ‘குழாயைச் சூடாக்கியபோது நிறம் மாறியது’ என்று திருத்துங்கள். ஆங்கிலமும் தானே திருந்தும்: ‘வென் தி டெஸ்ட் டியூப் வாஸ் ஹீட்டட், தி கலர் சேஞ்ச்டு’.

தமிழ் வேறு வழி செல்லும் இடங்கள்

எல்லா இடத்திலும் இரு மொழிகளும் கைகோத்து நடக்கும் என்று நான் சொல்லவில்லை. பிரியும் இடங்கள் உண்டு. அவற்றை அறிந்து வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

முதலாவது, என்னை வீழ்த்திய இடம். ‘என் தந்தை கூலித் தொழிலாளி’ என்பது தமிழில் முழு வாக்கியம். பெயரே பயனிலையாக நிற்கிறது. வினை இல்லை, ஆகவே காலமும் இல்லை. ஆங்கிலம் அப்படி விடாது. ‘இஸ்’ஸா, ‘வாஸ்’ஸா, ஒன்றைச் சொல் என்று கழுத்தைப் பிடிக்கும். தமிழில் நாம் சொல்லத் தேவையில்லாத ஒன்றை ஆங்கிலத்தில் சொல்லியே தீர வேண்டியிருக்கிறது. அந்தச் சிறு சொல்லின் கனம் நமக்குத் தெரியாமல் போவது இதனால்தான்.

இரண்டாவது ‘தி’. இதற்கு நேரான சொல் தமிழில் இல்லை. ஆனாலும் சாயல் உண்டு. ‘புத்தகம் வாங்கினேன்’ என்றால் ஏதோ ஒரு புத்தகம். ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்றால் நாம் முன்பே பேசிய அந்தப் புத்தகம். முன்னதற்கு ‘ஏ’, பின்னதற்கு ‘தி’. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. தொடங்குகிறவனுக்கு நல்ல ஊன்றுகோல்.

மூன்றாவது எண்ணிக்கை. ‘பத்து ரூபாய்’, ‘நாலு மாடு’ என்று தமிழில் ஒருமையே போதும். ஆங்கிலத்தில் எண்ணுக்குப் பின் பன்மை வந்தாக வேண்டும். ஆனால் ‘இன்ஃபர்மேஷன்’, ‘எக்விப்மென்ட்’, ‘ஃபர்னிச்சர்’ ஆகியவற்றுக்கு ‘எஸ்’ சேர்த்தல் ஆகாது. நாம் ‘தண்ணீர்கள்’ என்று சொல்வதில்லையே, அதுபோல என்று கொள்க.

இரவல் வரிகள்

இலக்கணப் பிழையைவிட எனக்கு அச்சம் தருவன இரவல் வரிகளே. ‘ஐ பெக் டு ஸ்டேட்’ என்று எத்தனை விண்ணப்பங்களில் எழுதியிருப்போம்! ‘சொல்ல இறைஞ்சுகிறேன்’ என்றல்லவா அதற்குப் பொருள்? வெள்ளையர் ஆட்சிக்கால மனுக்களின் வாடை அது. மூன்று நாள் விடுப்புக் கேட்க இறைஞ்சுவது எதற்கு? பணிவு வேறு, இறைஞ்சல் வேறு. ‘டூ தி நீட்ஃபுல்’ என்பதும் அப்படியே. எது வேண்டும் என்று நாம் சொல்லாமல் விட்டால் படிப்பவர் எதைச் செய்வார்? ‘நான்காம் தேதி முதல் மூன்று நாள் விடுப்புத் தருமாறு வேண்டுகிறேன்’ என்று எழுதினால் முடிந்தது.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. தமிழ்நாட்டின் ஆட்சிமொழி தமிழ் என்று 1956-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் ஊராட்சி அலுவலகத்துக்கும் மிடுக்குக்காக ஆங்கிலத்தில் மனு எழுதித் தடுமாறுவானேன்? தமிழ் செல்லும் இடத்தில் தமிழில் எழுதுவோம். ஆங்கிலம் இன்றியமையாத இடங்களும் உள்ளன: உயர்கல்வி, அறிவியல் கட்டுரை, வெளிமாநில வேலை. அங்கே பிழையின்றி எழுதுவோம்.

இரு மொழி இலக்கணங்களை அருகருகே வைத்துக் கற்பது புதிய வழியும் அன்று. இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் தமிழ் கற்றபின் சும்மா இருக்கவில்லை. நம் பேச்சுத் தமிழின் இலக்கணத்தை இலத்தீன் மொழியில் எழுதினார். அது 1738-இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. அவருடைய நாட்டவர் தமிழ் பயில இலத்தீன் ஏணியாயிற்று. நாம் ஆங்கிலம் பயிலத் தமிழ் ஏணியாகாதா?

செய்ய வேண்டியது என்ன?

நான் கைக்கொள்ளும் வழி எளியது. கடிதம் எழுதியதும் மூன்று முறை படிக்கிறேன். முதல் முறை, ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாயையும் பயனிலையையும் தேடிப் பொருத்தம் பார்க்கிறேன். இரண்டாம் முறை, வினைகளின் காலத்தை மட்டும் பார்க்கிறேன். மூன்றாம் முறை, ‘ஏ’, ‘ஆன்’, ‘தி’ ஆகியவற்றையும் பன்மையையும் பார்க்கிறேன். நீண்ட வாக்கியம் கண்டால் இரண்டாக வெட்டுகிறேன். இறுதியாக, முழுக் கடிதத்தையும் தமிழில் சொல்லிப் பார்க்கிறேன். தமிழில் சொல்ல முடியாத வரி ஒன்று அகப்பட்டால், அது எனக்கே பொருள் விளங்காத இரவல் வரி என்று அறிந்து அடித்துவிடுகிறேன்.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிழையாக எழுதுகிறவனைப் பார்த்து நகைக்காதீர்கள். நகைப்புக்கு அஞ்சி எழுதாமலே இருந்துவிட்டவர்கள் நம் வகுப்புகளில் எத்தனை பேர்! பிழை செய்வது இழிவன்று. திருத்திக்கொள்ளாமல் விடுவதே இழப்பு. திருத்தித் தருகிறவனும், திருத்தக் கேட்கிறவனும் ஒரே மேசையில் அமர்ந்தால் நம் கல்லூரியில் ஆங்கிலம் அச்சமூட்டும் பேயாக இராது.

அந்தக் கடிதம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அன்றிரவே மண்ணெண்ணெய் விளக்கில் அமர்ந்து எழுதினேன் என்று கதை கட்டமாட்டேன். எங்கள் வீட்டில் மின்விளக்கு உண்டு. அதன் அடியில் அமர்ந்து, யாரிடமும் இரவல் வாங்காமல், பதினொரு வரி எழுதினேன். எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லி அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். “என் தந்தை விவசாயக் கூலித் தொழிலாளி. அவருக்கு ஆண்டில் எல்லா நாளும் வேலை கிடைப்பதில்லை.” அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: “இப்ப சரியா இருக்குப்பா.”

உதவித்தொகை கிடைத்தது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் அறியாத என் தந்தைதான் என் ஆங்கிலக் கடிதத்துக்குப் பிழை திருத்துநர். இன்றும் அவரிடம் படித்துக் காட்டாமல் நான் எந்தக் கடிதத்தையும் உறையில் இடுவதில்லை. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார், நண்பர்களே. அவருக்குப் புரியும்படி சொல்ல முடிந்ததை மட்டும் ஆங்கிலத்தில் எழுதுங்கள். பிழை தானே குறையும்.