கணிப்பொறி மூலை: ஸ்நாப்ஷாட் இருந்தும் சம்பளம் இல்லை



சென்ற ஆனித் திங்களில், என் மைத்துனரின் மகன் பணிபுரியும் நிறுவனத்தில் நேர்ந்த ஒன்றை இம்முறை எழுதுகிறேன். ஒயிட்பீல்டில் உள்ள அந்நிறுவனத்தின் பெயர் நமக்கு வேண்டுவதில்லை. அங்கே துப்புரவுப் பணியும் காவற்பணியும் புரிவோரிற் பலர் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தினின்று வந்து குடியேறியவர்கள். அவர்களது வருகைப் பதிவு முழுவதும் ஒரே சர்வரில் இருந்தது. ஒரு நாள் விடியற்காலையில் அதன் டிஸ்க் பழுதுற்றது.

"நாள்தோறும் ஸ்நாப்ஷாட் எடுத்துத்தான் வந்தோம், மாமா. அதுவும் அந்த டிஸ்கிலேயே இருந்ததால் கூடவே போய்விட்டது" என்றான் பையன்.

சம்பளம் பதினேழு நாள் தாமதித்தது. வீட்டு வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்திற்கும் அக்குடும்பங்கள் கைமாற்று வாங்கின.

ஒரு பெரிய இயந்திரத்துள் பல கற்பனைக் கணிப்பொறிகளை இயங்கச் செய்வதே விர்ச்சுவல் மெஷின் என்னும் முறை. அவ்வொவ்வொன்றின் டிஸ்கும் பெரும்பாலும் ஒரு பெரிய கோப்பேயன்றி வேறன்று. ஸ்நாப்ஷாட் எடுக்கும்போது, பல அமைப்புகளில், அக்கோப்பு அந்தக் கணத்தோடு மூடப்படுகிறது. பின்வரும் மாற்றங்கள் யாவும் புதிய கோப்பொன்றிற் சேர்கின்றன. ரயில்வே எழுத்தனாகிய எனக்கு இது எளிதில் விளங்கிற்று. பழைய பேரேட்டைக் கட்டி வைத்துவிட்டு, திருத்தங்களை மட்டும் துணைப் பேரேட்டில் எழுதுவது போன்றது. மூலம் தொலைந்தால் துணைப் பேரேடு எதற்கும் உதவாது. இரண்டும் ஒரே அலமாரியில் இருந்து, அலமாரியே எரிந்தால் என் செய்வது?

ஆயின் ஸ்நாப்ஷாட் வீண் என்று கொள்ளற்க. ஓடிக்கொண்டிருக்கும் கோப்பை நகலெடுத்தால் முற்பகுதி ஒரு நேரத்ததாகவும் பிற்பகுதி வேறொரு நேரத்ததாகவும் அமைந்துவிடும். மூடிய பேரேட்டையோ அலுவல் தடைபடாமல் நகலெடுக்கலாம். நகலை வேறோர் இயந்திரத்திற்கு அனுப்பிய பின், துணைக் கோப்பை மூலத்தோடு சேர்த்துவிட வேண்டும். இதை மறப்பவர் பலர். துணைக் கோப்புகள் வளர்ந்து வளர்ந்து டிஸ்க் நிறைந்தால், அதிலுள்ள கணிப்பொறிகள் நின்றுவிடும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. கணக்குப் பதிவு பாதி எழுதப்பட்டிருக்கும் நொடியில் ஸ்நாப்ஷாட் எடுத்தால், அந்நகல் மின்சாரம் திடீரென்று நின்ற கணிப்பொறியை ஒக்கும். பெரும்பாலும் எழுந்துவிடும், சில வேளை எழாது. ஆதலின், உள்ளிருக்கும் உதவி மென்பொருள் ஒன்று எழுதவேண்டியவற்றை எழுதி முடித்து, கணநேரம் கையை நிறுத்துமாறு செய்ய வேண்டும். க்யூஎம்யூ என்னும் அமைப்பில் இதற்கென்றே கெஸ்ட் ஏஜெண்ட் உண்டு.

பெரிய இடங்களும் தப்புவதில்லை. 2021 மார்ச் 10ஆம் நாள் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் கணிப்பொறிக் கூடம் ஒன்று எரிந்தது. அதே வளாகத்திலேயே நகலையும் வைத்திருந்தோர் இரண்டையும் இழந்தனர். 2025 செப்டம்பர் 26ஆம் நாள் தென்கொரியாவின் டேஜான் நகரில், மின்கலத்தில் எழுந்த தீ அரசுத் தகவல் மையத்தைப் பற்றிக்கொண்டது. அரசு ஊழியர் தம் கோப்புகளைச் சேர்த்து வைத்திருந்த 858 டெராபைட் கொள்ளளவுள்ள கிடங்கு அழிந்தது. மிகப் பெரிதென்று அதற்கு வெளி நகல் வைக்கவில்லையாம்! பெரிதாயின் நகல் அன்றோ இன்னும் வேண்டும்?

நமக்கும் இவ்விழப்பு புதிதன்று. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம் பத்தும் நமக்குக் கிடைத்தில. ஏடுகளை அவ்வப்போது படியெடுத்து, வேறு வேறு வீடுகளில் வைத்தமையாற்றான் மற்றவை எஞ்சின.

மைத்துனர் மகனின் நிறுவனத்தார் இப்போது இரவுதோறும் நகலை ஓசூரிலுள்ள ஓர் இயந்திரத்திற்கு அனுப்புகின்றனர். சனிக்கிழமைதோறும் அந்நகலிலிருந்து ஒரு கணிப்பொறியை எழுப்பிப் பார்க்கின்றனராம். திறந்து பாராத நகலை நம்பவேண்டா என்று இப்போது அவனே எனக்குப் பாடம் சொல்லுகிறான்.

நம் சங்கத்தின் உறுப்பினர் பதிவும் கல்வி உதவி நிதிக் கணக்கும் ஒரே கணிப்பொறியில்தான் உள்ளன. சென்ற ஞாயிறன்று பொருளாளரை வினவினேன். நகல் உண்டு என்று அவர் காட்டிய டிஸ்க், அக்கணிப்பொறியின் மேலேயே இருந்தது! இருவரும் நகைத்துவிட்டோம். இப்போது இரண்டு டிஸ்குகள் வாங்கியிருக்கிறோம். ஒன்று அல்சூரில் அவர் இல்லத்திலும், மற்றொன்று கிருஷ்ணராஜபுரத்தில் என் இல்லத்திலும் இருக்கும். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு, சங்கத்துக் கணிப்பொறி பழுதாகிவிட்டது என்று பாவித்து, நகலைத் திறந்து பார்க்க எண்ணம். கணிப்பொறி பயின்ற பிள்ளைகள் இருப்பின் உடன் அனுப்பி உதவுக.